மவுஸை ஆட்டினால்தான் திரை நகருகிறதா? கிராஃபிக்ஸ் டிரைவர் தவறவிடும் இன்டரப்டைப் பிடிப்பது எப்படி

வண்ணார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் கடையில்தான் எனக்கு இந்தத் தலைவலி ஆரம்பித்தது. லினக்ஸ் போட்ட சிஸ்டம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராஃபிக்ஸ் அட்டை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற இடத்தில் படம் அப்படியே நிற்கும். மவுஸை லேசாக ஆட்டினால் மறுபடி ஓடும். "என்னடே, நான் மவுஸ ஆட்டுனாத்தான் அவன் தாலி கட்டுவானா?" என்று கேட்டார்.

பதில் கிடைக்க எனக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நடுவில் தேவையே இல்லாமல் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தெர்மல் பேஸ்ட்டும் வாங்கிப் போட்டேன். கடைசியில் அட்டையை இயக்கும் நிரலான டிரைவரில் மூன்று வரிகள் இடம் மாறின, அவ்வளவுதான். உங்களுக்கு அந்த ஏழு ஞாயிறும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். சி மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸின் உட்கருவான கெர்னலைத் தொட்ட அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டளைகளைக் காதில் விழுகிறபடியே எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள்

இன்டரப்ட் என்பது அட்டை சிபியுவைக் கூப்பிடுகிற குரல். "நீ சொன்ன படத்தை வரைந்துவிட்டேன்", "திரை ஒரு சுற்று முடிந்தது" என்றெல்லாம் அது கூப்பிடும். அந்தக் குரல் காதில் விழாவிட்டால் வேலை முடிந்திருந்தும் டிரைவர் காத்துக்கொண்டே நிற்கும். அப்புறம் வேறு ஏதோ காரணத்துக்கு இன்னொரு இன்டரப்ட் வரும்போது பழைய கணக்கும் சேர்ந்து தீரும். மவுஸை ஆட்டினால் ஓடுவதன் ரகசியம் இதுதான்: கர்சர் நகர்ந்தால் டிரைவருக்குப் புதுவேலை, புதுவேலைக்குப் புது இன்டரப்ட்.

ஆகவே அறிகுறிகள் இவை. படம் நிற்கும், ஆனால் கலையாது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக முடியும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் 'ஃப்ளிப் டன் டைம்டு அவுட்' என்ற வரி இருக்கும். டிரைவர் பத்து விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு எழுதும் வரி அது.

திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறுகிறதா? அது அட்டையின் மெமரி அல்லது சூடு. நம் ஊர் மே மாதத்தில் ஃபேனில் தூசி அடைத்த அட்டைக்கு அதுவும் வரும். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. நான் எஸ்எம்பிஎஸ் வாங்கியது இந்த வித்தியாசத்தைப் பார்க்காததால்தான்.

2. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணச்செலவு குறைவு, நேரச்செலவு அதிகம்.

இன்னொரு கணினி அவசியம். பழைய லேப்டாப் போதும். இரண்டுக்கும் நடுவே ஒரு லேன் கம்பி. நெட்கன்சோல் என்ற வசதியை இயக்கிவிட்டால் திரை செத்துப்போனாலும் கெர்னல் சொல்வதெல்லாம் கம்பி வழியே அடுத்த கணினிக்கு வந்துசேரும். வழக்கமாக அந்தப் பக்கம் 6666 என்ற யுடிபி போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வைஃபையில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், பெரும்பாலும் ஓடாது.

டிஸ்கில் 30 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கெர்னல் பில்ட் (மூலநிரலிலிருந்து கெர்னலை உருவாக்குவது) பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த மூலநிரலை இறக்கும் கிட் குளோன் அப்படியில்லை, பாதியில் அறுந்தால் முதலிலிருந்துதான். நான் இரண்டு முறை அறுபட்டேன். முதலில் ஆழம் 1 என்று கொடுத்து மேலோட்டமாக எடுத்துவிட்டு, வரலாறு தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துங்கள்.

ஆவணம் என்றால் அட்டையின் ரெஜிஸ்டர் கையேடு. ரெஜிஸ்டர் என்பது டிரைவர் படிக்கவும் எழுதவும் சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடம். இன்டெல் தன் கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு நிரலாளர் கையேடுகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஏஎம்டியும் பல தலைமுறைகளுக்கு வெளியிட்டிருக்கிறது. கையேடு இல்லாத அட்டை என்றால் டிரைவரின் தலைப்புக் கோப்பில் உள்ள ரெஜிஸ்டர் பெயர்களையும் அதன் பக்கத்தில் எழுதிய குறிப்புகளையும் வைத்தே ஓட்ட வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கெர்னல், என்ன மாற்றம், எத்தனை நிமிடத்தில் நின்றது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கு என் சொந்த முடிவுகளே ஞாபகமில்லை.

3. எண்ணிப் பாருங்கள்

ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு இன்டரப்ட்டும் ஒவ்வொரு சிபியுவுக்கு எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு அதில் ஓடும். கடைசியில் டிரைவரின் பெயர் இருக்கும், அந்த வரியைப் பிடியுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் சுற்றுக்கு ஒன்று வீதம் 600 பக்கம் வர வேண்டும். மற்ற வேலைகளுக்கான இன்டரப்ட்டும் சேரும், ஆகவே கூடலாம்.

இங்கே ஒரு பள்ளம். ஒன்றும் அசையாத திரையை வைத்துக்கொண்டு எண்ணினால் கணக்கு நின்றே இருக்கும். யாரும் கேட்காதபோது சுற்று முடிந்ததற்கான இன்டரப்டை டிரைவரே அணைத்துவிடும். பொதுவான இயல்பு ஐந்து விநாடி சும்மா இருந்தால் அணைப்பது. அதைப் பார்த்து "பிடித்துவிட்டேன்" என்று ஒரு ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்தவன் நான்.

படம் நிற்கிற அந்த நொடியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் இரண்டு விஷயம் பாருங்கள். கணக்கு ஏறுகிறதா? என்ன நடந்தது என்று குறித்துவைக்கும் அட்டையின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பிட் எழும்பி நிற்கிறதா? ரெஜிஸ்டரைப் படிக்க இன்டெல் என்றால் ஐஜிடி தொகுப்பில் இன்டெல்-ரெக் (intel_reg) என்ற கருவி, ஏஎம்டி என்றால் யுஎம்ஆர். படிப்பதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். சில சிப்புகளில் படித்தாலே பிட் அழிந்துவிடும், அப்போது குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள்.

கணக்கு ஏறுகிறது, படம் நிற்கிறது என்றால் குரல் டிரைவர் வரை வந்திருக்கிறது, அதுதான் கவனிக்கவில்லை. 5-க்கும் 6-க்கும் போங்கள். கணக்கு ஏறவில்லை, ஆனால் பிட் நிற்கிறது என்றால் கூப்பிட வேண்டிய நேரத்தில் அட்டை கூப்பிடவில்லை. இதுவும் 5. கணக்கும் ஏறவில்லை, பிட்டும் இல்லை என்றால் இன்டரப்ட் இயக்கப்படவேயில்லை, அல்லது வேலையே முடியவில்லை, அல்லது வந்த பிட்டை டிரைவரே கவனிக்காமல் அழித்துவிட்டது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு வந்தது, அதற்கு 5. மற்றவற்றுக்கு 7-ஐப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு: கணக்கு லட்சக்கணக்கில் எகிறி, அப்புறம் 'நோபடி கேர்டு' என்று டிமெசேஜில் ஒரு வரி வரும். ஒரே லைனை இரண்டு சாதனங்கள் பங்குபோடும்போது, வந்தது யாருக்கு என்று யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இப்படி ஆகும். 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் அனாதையாகப் போனால் கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். அதற்குப் பிறகு உங்கள் அட்டை கத்தினாலும் கேட்காது. இங்கே திருத்த வேண்டியது பெரும்பாலும் பக்கத்துச் சாதனத்தின் டிரைவரை.

4. ஒட்டுப்போடுகிற வழிகள் சோதனைக்கு மட்டும்

தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: க்ரப்பில் (பூட் ஆகும்போது கெர்னலை ஏற்றும் நிரல்) 'பிசிஐ=நோஎம்எஸ்ஐ' போடு, சரியாகிவிடும். ஆகும்தான். ஆனால் அது மருந்து இல்லை, பரிசோதனை.

பழைய பிசிஐ இன்டரப்ட், யாரோ காலிங் பெல்லில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பது மாதிரி. கதவைத் திறந்து கவனிக்கிறவரை விடாது. எம்எஸ்ஐ என்பது அட்டை மெமரியில் ஒரு சின்னச் செய்தியை எழுதிவிட்டுப் போவது. ஒரு தடவைதான். தவறவிட்டால் விட்டதுதான். எம்எஸ்ஐயை அணைத்ததும் நோய் போய்விட்டது என்றால், ஒற்றைச் செய்தி எங்கோ தவறுகிறது என்று அர்த்தம். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்தது.

மொத்தமாக அணைத்தால் டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் சேர்ந்து தடுமாறலாம். டிரைவருக்கென்று தனிச் சுவிட்ச் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்: 'ரேடியான்.எம்எஸ்ஐ=0', 'ஏஎம்டிஜிபியு.எம்எஸ்ஐ=0', என்விடியா அட்டைகளுக்கான திறமூல டிரைவரான நுவோ (nouveau) என்றால் 'நுவோ.கான்ஃபிக்=என்விஎம்எஸ்ஐ=0'. பூட் ஆகும்போது க்ரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேருங்கள். நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள்.

'ஐஆர்க்யூபோல்' என்பதும் இதே கணக்கு. அழைப்பு வராவிட்டாலும் கெர்னல் அவ்வப்போது போய்க் கேட்டுவிட்டு வரும். அவசரத்துக்கு அண்ணாச்சியின் முகூர்த்த ஆர்டர்களை முடிக்க அதைப் போட்டுக் கொடுத்தேன் என்பது உண்மை. திருத்தியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

5. ஹேண்ட்லரைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். டிரைவர் அடைவில் ஐஆர்க்யூ என்று பெயர் வரும் கோப்பைத் திறந்து, இன்டரப்ட் வந்ததும் ஓடுகிற ஹேண்ட்லர் ஃபங்ஷனைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் ஒரு பையன். காலியாக இருந்த வாசலில் ஆள் வந்தால்தான் அவன் "அண்ணாச்சி!" என்று கூப்பிடுவான். ஏற்கெனவே ஆள் நிற்கும்போது இன்னொருவர் வந்தால் கூப்பிட மாட்டான், அதான் முதலாளி வெளியே வந்துவிட்டாரே. மூன்று பேர் நிற்கிறார்கள். முதலாளி வந்து மூவரையும் எண்ணிக்கொண்டு, சாமான் கொடுத்து அனுப்புகிறார். மூன்றாமவர் கிளம்புவதற்குள் நாலாமவர் வந்துவிட்டார். முதலாளிக்கு மூன்று என்றுதான் கணக்கு, உள்ளே போய்விட்டார். வாசல் ஒரு கணம்கூடக் காலியாகவில்லை, ஆகவே பையன் கூப்பிடவில்லை. நாலாமவர் நின்றுகொண்டே இருப்பார். அஞ்சாமவர் வந்தாலும் இதே கதி.

பையன்தான் எம்எஸ்ஐ. பல அட்டைகளில் ஸ்டேட்டஸ் பிட்டுகள் எல்லாம் சேர்ந்து பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு எழும்பும் அந்த விளிம்பில் மட்டும்தான் செய்தி கிளம்பும். ஹேண்ட்லர் வெளியே வரும்போது ஒரு பிட் மிச்சமிருந்தால் அடுத்த விளிம்பே கிடையாது.

சரி, வரிசை எப்படி இருக்க வேண்டும்? முதலில் எல்லா இன்டரப்ட்டுக்கும் பொதுச் சுவிட்சான மாஸ்டர் இன்டரப்ட் பிட்டை அணைக்க வேண்டும். அப்புறம் ஸ்டேட்டஸைப் படிக்க வேண்டும். படித்த அதே மதிப்பைத் திரும்ப எழுதி அழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய வேலையைச் செய்ய வேண்டும். கடைசியில் மாஸ்டரை மறுபடி போட வேண்டும். அணைத்துப் போடுவதால், இடையில் ஏதாவது பிட் மிச்சம் நின்றிருந்தாலும் புது விளிம்பு உண்டாகி இன்னொரு செய்தி கிளம்பும். பையனை ஒரு நிமிடம் வாயை மூடச் சொல்லிவிட்டு, முடிந்ததும் "இப்போ யாராவது நிக்கிறாங்களா பாருடே" என்று கேட்பது மாதிரி. இன்டெலின் ஐ915 டிரைவர் இதைத்தான் செய்கிறது, காரணத்தையும் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிப்பில் மாஸ்டர் பிட் இல்லையென்றால், ஸ்டேட்டஸ் பூஜ்யம் ஆகும்வரை சுற்றிச் சுற்றிப் படியுங்கள். சுற்றுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், இல்லையென்றால் பழுதான அட்டை சிபியுவைச் சிறைபிடித்துவிடும். சில பழைய என்விடியா சிப்புகளில் எம்எஸ்ஐ ஒவ்வொன்றையும் கவனித்த பிறகு தனியாக ஒரு ரெஜிஸ்டரில் எழுதி மறுபடி தயார்படுத்த வேண்டும். நுவோவில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் உண்டு.

பார்க்க வேண்டிய தப்புகளை எனக்குக் கடித்த வரிசையில் சொல்கிறேன்.

வேலையைச் செய்துவிட்டுக் கடைசியில் அழிப்பது. என் அட்டையின் டிரைவரில் இருந்தது இதுதான். வேலை நடக்கும்போது அதே வகை நிகழ்வு இன்னொன்று வந்தால், பிட் ஏற்கெனவே எழும்பி நிற்பதால் தெரியாது. கடைசியில் அழிக்கும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். மூன்று வரியை மேலே தூக்கி வைத்தேன் என்று சொன்னேனே, அது இது.

எல்லாம் ஒன்று என்று எழுதி அழிப்பது. நீங்கள் படித்ததற்குப் பிறகு வந்த பிட்டும் அதில் அழியும். எதைப் படித்தீர்களோ அதை மட்டுமே எழுதுங்கள்.

ஒன்று எழுதினால் அழியும் ரெஜிஸ்டரில் படித்து, ஒரு பிட்டை ஆர் (OR) செய்து, திரும்ப எழுதுவது. பார்க்க ஒழுங்கான வரி. ஒரு பிட்டை அழிக்கப் போய் நிற்கிற எல்லாப் பிட்டையும் துடைத்துவிடும். மற்ற ரெஜிஸ்டர்களில் சரியான பழக்கம் என்பதால் கண்ணில் படவே படாது.

எழுதியது போய்ச் சேரும் முன்பே வெளியே வருவது. பிசிஐயில் எழுத்து தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி, உடனே போகும் என்ற உறுதி இல்லை. அதே சாதனத்தில் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால் முன்னால் எழுதியதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். முக்கியமான எழுத்துக்குப் பின் ஒரு படிப்பு வையுங்கள்.

6. காத்திருக்கும் பக்கத்தையும் பாருங்கள்

ஹேண்ட்லர் சரியாக இருந்தும் படம் நிற்கலாம். காத்திருக்கும் கோடு (நிரல் பகுதி) "வேலை முடிந்ததா? இல்லை. சரி, இன்டரப்டைப் போட்டுவிட்டுத் தூங்குவோம்" என்று எழுதியிருந்தால், கேட்டதற்கும் போட்டதற்கும் நடுவில் வேலை முடிந்துவிட்டால் எழுப்ப ஆள் இல்லை. இன்டரப்டைப் போட்ட பிறகு ஒரு முறை மறுபடி கேட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. வேலை முடிந்ததும் அட்டை ஒரு வரிசை எண்ணை மெமரியில் எழுதிவிட்டு இன்டரப்ட் அனுப்புகிறது. இன்டரப்ட் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, எண் இன்னும் வந்துசேரவில்லை. டிரைவர் பழைய எண்ணைப் பார்த்து "இன்னும் ஆகவில்லை" என்று தூங்கிவிடும். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறைக்கு, எண்ணைப் பார்ப்பதற்கு முன் சிப்பின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்து வரிசையை உறுதிசெய்யும் வேலையை ஐ915-இல் சேர்க்க வேண்டியிருந்தது. உங்கள் டிரைவரில் ஹேண்ட்லருக்குள் பிரிண்ட் வரி போட்டதும் நோய் மறைந்துபோனால் இதைச் சந்தேகியுங்கள், அந்தச் சின்னத் தாமதமே மருந்தாகிவிடும்.

அதனால்தான் ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்கே (கெர்னலில் செய்தி எழுதும் ஃபங்ஷன்) போடாதீர்கள் என்கிறேன். ட்ரேஸ்-பிரிண்ட்கே போடுங்கள், அதன் தாமதம் மிகக் குறைவு. கெர்னலிலேயே இருக்கும் 'ஐஆர்க்யூ ஹேண்ட்லர் எக்ஸிட்' ட்ரேஸ் நிகழ்வை இயக்கினால் ஹேண்ட்லர் ஒவ்வொரு தடவையும் கவனித்ததா, கைவிரித்ததா என்று நேரத்தோடு சொல்லும்.

7. தூங்கி எழுந்த பிறகு மட்டும் வருகிறதா?

சஸ்பெண்ட் ஆகி எழும்போது அட்டையின் ரெஜிஸ்டர்கள் காலியாக இருக்கலாம். எழும் ஃபங்ஷனில் பழைய பிட்டுகளை அழித்துவிட்டு, அப்புறம் இன்டரப்டைத் தடுத்துவைக்கும் மாஸ்க்கைத் திறக்கிறார்களா என்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் முதல் விளிம்பே தவறும். இன்டெல் சிப்புகளில் ஸ்டேட்டஸ் இரண்டு நிகழ்வுகளை அடுக்கி வைக்கக்கூடும், ஆகவே டிரைவர் இரண்டு முறை அழிக்கிறது. அதை யாரோ மறந்து இரட்டிப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றை எடுத்துவிடாதீர்கள்.

8. பில்ட்: நேரம் மிச்சமாகும் இரண்டு வழி

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தால் இப்போது ஏற்றியிருக்கும் மாட்யூல்களை (தனியாக ஏற்றக்கூடிய கெர்னல் துண்டுகள்) மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய கணினியில் ஒரு பகல் எடுக்கிற பில்ட் எனக்கு ஒரு மதியத் தூக்கத்தில் முடிந்தது. கொடுக்கும் முன் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் செருகுங்கள், இல்லையென்றால் புதுக் கெர்னலுக்கு அவை தெரியாது. முதல் தடவைக்குப் பிறகு டிரைவர் அடைவை மட்டும் பில்ட் செய்தால் போதும், சில நிமிடம்தான். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் கையெழுத்தில்லாத உங்கள் மாட்யூலை ஏற்காது, பயாஸில் அணைத்துவிடுங்கள். ஓடுகிற பழைய கெர்னலை மட்டும் அழிக்காதீர்கள்.

பழைய கெர்னலில் நோய் இல்லை, புதியதில் இருக்கிறது என்றால் கோடு படிக்கும் முன், எந்த மாற்றத்தில் நோய் வந்தது என்று பாதிபாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் போடுங்கள். 13,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 பில்ட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பில்ட்டையும் போதிய நேரம் ஓட்டுங்கள். நோய் சராசரியாக இருபது நிமிடத்தில் வருகிறது என்றால் ஒரு மணி நேரமாவது ஓட்டாமல் "நல்லது" என்று குறிக்காதீர்கள். ஒரு தப்பான "நல்லது" போதும், மீதி அத்தனையும் குப்பை.

9. திருத்தத்தை அனுப்புதல்

திருத்தத்தை லினக்ஸ் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பக் கட்டணம் எதுவும் கிடையாது. பாளையங்கோட்டையில் படிக்கும் தம்பிகள் சிலர் "சர்டிபிகேட் தருவார்களா அண்ணே?" என்று கேட்டார்கள். தரமாட்டார்கள். கிட் வரலாற்றில் பெயர் நிற்கும், வேலை தேடும்போது அதைக் காட்டலாம்.

வேண்டிய ஆவணம் ஒரே ஒரு வரி: 'சைன்டு-ஆஃப்-பை', உங்கள் பெயர், மின்னஞ்சல். இந்தக் கோடு நான் எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் நேரத்தில் எழுதியிருந்தால் முதலில் அங்கே கேட்டுவிடுங்கள். எந்த மாற்றம் நோயைக் கொண்டுவந்தது என்று தெரிந்தால் 'ஃபிக்ஸஸ்' வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் கொடுங்கள். விளக்கத்தில் அறிகுறி, காரணம், எப்படிச் சோதித்தீர்கள் மூன்றும் இருக்க வேண்டும். என் முதல் விளக்கத்தில் "இப்போது ஓடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தேன், திரும்பி வந்தது.

பேட்ச் (அனுப்பும் திருத்தம்) ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கெட்-மெயின்டெய்னர் சொல்லும். வெற்று உரையாக, கிட் சென்ட்-ஈமெயில் வழியாக அனுப்புங்கள். உலாவியில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாகி பேட்ச் பொருந்தாது. பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்துத்தான் நினைவூட்ட வேண்டும். கெர்னல் வெளியீடு 9, 10 வாரத்துக்கு ஒரு முறை, அதில் முதல் இரண்டு வாரம் புது மாற்றங்களை இணைக்கும் காலம். அந்தச் சமயத்தில் எல்லோரும் தலைக்குமேல் வேலையில் இருப்பார்கள்.

அனுப்பும் முன் கடைசியாக ஒன்று. ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் (/proc/cmdline) கோப்பைத் திறந்து, சோதனைக்குப் போட்ட நோஎம்எஸ்ஐயோ ஐஆர்க்யூபோலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அண்ணாச்சி கடையில் என் திருத்தம் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், ஐஆர்க்யூபோல் க்ரப்பிலேயே இருந்தது. எடுத்துவிட்டு, முகூர்த்த வீடியோ ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ராத்திரி ஷட்டரைப் போட்டோம். காலையில் வந்து பார்க்கும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அனுப்பினேன்.